ஆறு சிலிண்டரும் ஒரு வாயிலும்

பழைய பிக்-அப் வண்டியொன்று கைக்கு வந்ததும் அமெரிக்க இளைஞன் முதலில் மாற்ற விரும்புவது அதன் குரலைத்தான். சைலன்சரைக் கழற்றி எறிந்து, பருத்த குழாயொன்றைப் பூட்டினால் வண்டிக்குப் பலம் கூடும் என்பது அவன் நம்பிக்கை. கூடுவது பெரும்பாலும் ஓசையே. தடை இருக்கும் இடம் வேறு.

போர்ட் நிறுவனத்தின் 300 கன அங்குல எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 4.9 லீற்றர் கொள்ளளவுடைய இவ்வெஞ்சின் 1965 முதல் 1996 வரை அந்நிறுவனத்தின் வண்டிகளில் உழைத்தது. வேகத்துக்குப் பேர் போனதன்று. பாரம் இழுப்பதற்கும் நெடுங்காலம் உழைப்பதற்கும் பேர் போனது. இதன் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவை கக்கும் புகை முழுவதும் மனிபோல்ட் எனப்படும் வார்ப்பிரும்புக் கூட்டினுள் வந்து, ஒரே வாயிலால் வெளியேறியாக வேண்டும். நெருக்கடி அங்கேதான்.

சிலிண்டர்கள் தீப்பற்றும் ஒழுங்கு 1-5-3-6-2-4. இதனைச் சற்றே உற்று நோக்குங்கள். முன் மூன்றில் ஒன்று, பின் மூன்றில் ஒன்று என முறை மாறி மாறி வருகின்றதன்றோ? சுழல்தண்டு 120 பாகை திரும்புந்தோறும் ஒரு சிலிண்டர் புகை கக்குகிறது. ஆனால் புகை வால்வு திறந்திருப்பதோ ஏறக்குறைய அதன் இரு மடங்கு நேரம். ஆகவே ஒன்றன் மூச்சு முடியுமுன் அடுத்ததன் மூச்சு வந்து அதனை நெருக்குகிறது. முன் மூன்றுக்கும் பின் மூன்றுக்கும் தனித்தனி வழி விட்டால் இடைவெளி 240 பாகையாகிவிடும்.

இவ்வுண்மை பட்டறைக்காரருக்குப் புதிதன்று. 1950களிலேயே செவ்ரலே வண்டிக்காரர் பழைய மனிபோல்டை நடுவில் அடைத்து, இரண்டாவது வாயிலொன்றை உருக்கி ஒட்டினர். போர்ட் நிறுவனமும், 1987இல் பெற்றோலைப் பீச்சும் முறைக்கு இவ்வெஞ்சினை மாற்றியபோது, மனிபோல்டை இரு துண்டாக அமைத்தது. பழைய வண்டி வைத்திருப்போர் உடைந்த வண்டிகள் குவிந்த இடங்களில் தேடி வாங்குவது அத்துண்டுகளையே. அவற்றின் இரு வாயில்களையும் கீழே இணைத்து, இரண்டரை அங்குலக் குழாயும் நல்ல சைலன்சரும் பூட்டினால் தாராளம். புகையைச் சுத்திகரிக்கும் கருவியுடன் வந்த வண்டியாயின் அதனை அகற்றலாகாது. அமெரிக்கச் சட்டப்படி அது குற்றம்.

பலர் இடறி விழும் இடம் ஒன்றுண்டு. பழைய அமைப்பில், கார்புரேற்றருக்கு அடியிலுள்ள உள்ளிழு குழாய் புகைக் கூட்டின்மேல் அமர்ந்து சூடு பெறுகிறது. புதிய துண்டுகளைப் பூட்டியதும் அச்சூடு போய்விடும். குளிர்காலக் காலையில் பெற்றோல் ஆவியாகாது. எஞ்சின் திக்கித் திணறும். பாவம், பழி கார்புரேற்றர்மீது விழும்! ரேடியேற்றரின் வெந்நீர் ஓடும் தகடொன்றை அவ்விடத்திற் பொருத்தினால் தொல்லை தீரும்.

உள்ளிழு குழாயும் புகைக் கூடும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே கழற்றவேண்டும். துருப்பிடித்த ஆணிகளுக்கு முதல்நாளே எண்ணெய் விட்டு வையுங்கள், அவசரப்பட்டால் முறியும். இணைப்பில் கசிவு இருந்தால், நிறமும் மணமுமற்ற கார்பன் மொனொக்சைட் என்னும் நச்சுவாயு சாரதியின் அறைக்குள் புகக்கூடும். குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் இணைப்பிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஓசை கேட்டால், குடும்பத்தை ஏற்றிச் செல்லுமுன் மறுபடியும் கழற்றிப் பாருங்கள்.