வாழைப்பழ மணத்தில் மெழுகுவர்த்தி: பழத்துக்கு விலை கிடைக்குமா?

கோவை, திருப்பூர் கைவினைக் கடைகளில் வாழைப்பழம், மாம்பழம், எலுமிச்சை மணத்தில் மெழுகுவர்த்திகள் விற்பனைக்கு வருகின்றன. வாழை வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இதைப் பார்த்ததும் ஒரு எண்ணம் தோன்றும். விலை போகாத தாரை இதற்குக் கொடுக்க முடியாதா? முடியாது என்பதுதான் பதில். ஆனால், இந்தத் தொழிலில் விவசாயிக்கு வேறு ஒரு வழி இருக்கிறது.

மணம் எங்கிருந்து வருகிறது?

வாழைப்பழ மணத்துக்கு முக்கியக் காரணம் ஐசோஅமைல் அசிடேட் என்ற வேதிப்பொருள். இதை ஆலையில் மலிவாகத் தயாரிக்கலாம். மிட்டாய், ஐஸ்கிரீம், மெழுகுவர்த்தி என எல்லாவற்றிலும் பெரும்பாலும் இதுவே சேர்க்கப்படுகிறது. பழக்கூழை நேரடியாக மெழுகில் கலந்தால், அதிலுள்ள ஈரத்தால் மெழுகு பிரிந்துவிடும். திரியும் சரியாக எரியாது. எலுமிச்சை, ஆரஞ்சு இனப் பழங்கள் விதிவிலக்கு. அவற்றின் தோலைப் பிழிந்தாலே எண்ணெய் கிடைக்கும்.

மெழுகு நம்முடையது

தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மெழுகுதான் வரவு. தேன் எடுக்கும்போது சீவி எடுக்கும் அடை மூடிகளில் தரமான மெழுகு இருக்கிறது. அதை வெந்நீரில் உருக்கி, துணியில் வடிகட்டி, ஆறவிட்டால் மெழுகு மேலே கட்டியாக மிதக்கும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். அடுப்பில் நேரடியாக வைக்கக் கூடாது, தீப்பற்றும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். கிலோ மெழுகுக்கு 30 முதல் 60 கிராம் வரை மெழுகுவர்த்திக்கான வாசனை எண்ணெய் போதும். அதிகமானால் எண்ணெய் கசியும்.

ஒரு எச்சரிக்கை. தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களை உசுப்பிவிட வெளியிடும் மணத்திலும் இதே ஐசோஅமைல் அசிடேட் இருப்பது 1962-ல் கண்டறியப்பட்டது. எனவே, வாழைப்பழ வாசனை சேர்க்கும் வேலையைப் பெட்டிகளுக்கு அருகில் செய்யக் கூடாது. வாழைப்பழம் சாப்பிட்ட கையோடு பெட்டியைத் திறப்பதையும் தவிர்க்க வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை தேனீ வளர்ப்புப் பயிற்சி அளிக்கிறது.

மணத்துக்குப் பேர்போன பழம்

நம் பகுதியில் மணத்துக்குப் பேர்போனது ஒட்டன்சத்திரம் அருகேயுள்ள விருப்பாச்சியின் மலைவாழை. பழனி மலையின் சரிவுகளில், காபித் தோட்ட நிழலில் மானாவாரியாக வளர்கிறது. பழத்தில் ஈரம் குறைவு, தோல் கெட்டி. அதனால்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கு இதைத் தேடி வாங்குகிறார்கள். விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்தது. இந்தக் குறியீடு பழத்துக்குத்தான். செயற்கை வாசனை சேர்த்த மெழுகுவர்த்தியில் ‘விருப்பாச்சி’ என்று எழுதி விற்பது சரியல்ல.

இந்த வாழை அழிவின் விளிம்பைத் தொட்டு வந்தது. முடிக்கொத்து நோய் பரவியதில், சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. வைரஸ் பரிசோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகளைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பிறகுதான் மறுநடவுக்கு வழி பிறந்தது.

நோயைத் தடுக்க

* இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் கவனிக்கவும். பிறகு இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும்.
* நோய் வந்த மரத்துக்கு மருந்து இல்லை. வைரஸைப் பரப்பும் அசுவினியை முதலில் மருந்து தெளித்துக் கட்டுப்படுத்திவிட்டு, கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். தெளிக்காமல் வெட்டினால் அசுவினி பக்கத்து மரத்துக்குப் போய்விடும்.
* நோய் கண்ட தோட்டத்திலிருந்து பக்கக்கன்று எடுக்கவே கூடாது. எடுத்த இடம் தெரியாத கன்றும் வேண்டாம்.

வாழைப்பழ வாசனையை ஆலையில் செய்துவிடலாம். பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய பழத்தை அப்படிச் செய்ய முடியாது. மெழுகுவர்த்தியை மெழுகு விற்கும் துணைத்தொழிலாக வைத்துக்கொள்ளலாம். மலைவாழைக்கு உண்மையான விலை, நோயில்லாத கன்றிலும் பழமாகவே விற்பதிலும்தான் இருக்கிறது.