சட்டையைக் கழட்டுறது யாரு?

உங்க காலேஜ் கிரவுண்டில் இது கண்டிப்பா நடந்திருக்கும். இன்டர் டிபார்ட்மென்ட் ஃபுட்பால் மேட்ச். மெக்கானிக்கல் பசங்க நீலக் கலர் டி-ஷர்ட்டில் கெத்தா வந்து நிற்பாங்க. எதிரே சிவில் டீம். அவங்களும் நீலம்! ரெண்டு குரூப்பும் ஒரே கடையில், ஒரே தள்ளுபடியில் அள்ளியிருப்பாங்க போல. பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்துட்டு தலையில் அடிச்சுக்குவார். அப்புறம் டாஸ். தோத்த டீம் சட்டையைக் கழட்டிட்டு வெறும் உடம்போடு ஆடணும். கேர்ள்ஸ் ஹாஸ்டல் பக்கம் இருக்கிற கிரவுண்டா இருந்தா, ஜிம்முக்குப் போறவன் மட்டும் டாஸில் தோக்கணும்னு வேண்டிக்குவான்!

சிரிப்பா இருக்கா? உலகக் கோப்பையிலேயே கிட்டத்தட்ட இது நடந்திருக்கு பாஸ்.

1978 ஜூன் 10. அர்ஜென்டினாவின் கடலோர ஊரான மார் டெல் பிளாட்டா. பிரான்சும் ஹங்கேரியும் மோதணும். பிரான்சுக்கு எப்பவும் நீலம், ஹங்கேரிக்கு சிவப்பு. இதில் என்ன குழப்பம் வரப்போகுதுன்னு கேட்பீங்க. அன்றைக்கு உலகம் முழுக்க ஏகப்பட்ட வீடுகளில் இருந்தது பிளாக் அண்ட் ஒயிட் டி.வி. அந்தப் பெட்டியில் அடர் நீலமும் சிவப்பும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும். அதனால் ஒரு டீம் அடர் நிறத்தில், இன்னொரு டீம் வெளிர் நிறத்தில் வரணும் என்பது ஃபிஃபாவின் ஏற்பாடு. இந்த மேட்சில் வெள்ளைக்கு மாற வேண்டியது யார் என்பதில் கடிதம் போய் வந்ததில் எங்கேயோ சொதப்பல். ரெண்டு டீமும் பொறுப்பா வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கிட்டாங்க!

மாற்றுச் சட்டை ரெண்டு பேர் கையிலும் இல்லை. ஸ்டேடியம் நிறைய ஜனம் காத்திருக்கு. கடைசியில் கிம்பர்லி என்கிற உள்ளூர் கிளப்பிடம் இரவல் கேட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டைகளை எடுத்து வந்தார்கள். பிரான்ஸ் டீம் அதை மாட்டிக்கொண்டு ஆடியது. சட்டையில் ஒரு நம்பர், டிரவுசரில் இன்னொரு நம்பர் என்று சிலர் ஓடினார்கள். மேட்ச் முக்கால் மணி நேரம் போல லேட். இத்தனைக்கும் ரெண்டு டீமுமே அதற்குள் போட்டியிலிருந்து வெளியேறியிருந்தன. இரவல் சட்டையில் பிரான்ஸ் 3-1 என்று ஜெயித்தது. அந்த உலகக் கோப்பையில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். பேசாம ஆரம்பத்திலேயே இரவல் வாங்கியிருக்கலாம்.

இரவல் கதை இது மட்டும் இல்லை. 1950-ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையில் மெக்சிகோ டீம், போர்ட்டோ அலெக்ரே நகரத்து கிளப் ஒன்றின் சட்டையைப் போட்டு ஆடியது. 1958-ல் ஸ்வீடனில் அர்ஜென்டினா, மால்மோ ஊர் கிளப்பின் மஞ்சள் சட்டையில் மேற்கு ஜெர்மனியை எதிர்த்து ஆடித் தோற்றது.

அப்போ விதி என்னதான் சொல்லுது? கொஞ்சம் பின்னாடி போகணும். இங்கிலாந்தில் ஃபுட்பால் லீக் தொடங்கியது 1888-ல். ரெண்டே வருஷத்தில், 1890-ல், 'எந்த இரண்டு டீமும் ஒரே மாதிரி கலரைப் பதிவு செய்யக்கூடாது' என்று சொல்லிவிட்டார்கள். டீம்கள் பெருகப் பெருக இது எப்படிக் கட்டுப்படி ஆகும்? வானவில்லிலேயே ஏழு கலர்தானே! கொஞ்ச காலத்தில் அந்த விதியை விட்டுவிட்டு, 'எல்லோரும் இரண்டாவது செட் ஒன்று வைத்திருக்க வேண்டும்' என்று மாற்றினார்கள்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். முதலில் கலர் மோதினால் சட்டை மாற்ற வேண்டியது சொந்த ஊர் டீம்தான். வந்த விருந்தாளி பாட்டுக்கு தன் சட்டையில் ஆடலாம். யோசிச்சா அது நியாயமாத்தான் படுது. சொந்த ஊர்க்காரனுக்கு பீரோ பக்கத்திலேயே இருக்கு. வெளியூர்க்காரன் ரயிலில் மூட்டையைத் தூக்கிட்டு வரான். ஆனா 1921-ல் அது தலைகீழானது. வந்தவர்தான் மாற வேண்டும். டிக்கெட் வாங்கி வந்த உள்ளூர் ஜனம் தன் டீமை தன் கலரில்தானே பார்க்க ஆசைப்படும்! நாம இன்னைக்கு 'அவே ஜெர்சி' என்று ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்குற சமாச்சாரம் நூறு வருஷம் முன்னாடி வெறும் ஸ்பேர் சட்டை.

எல்லா விளையாட்டிலும் இதே கதைன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்க பேஸ்பாலில் வழக்கமாக சொந்த ஊரில் வெள்ளை, வெளியூரில் சாம்பல். ஊர் ஊராகச் சுற்றும்போது துவைக்க வசதி கிடையாது, சாம்பலில் அழுக்கு தெரியாது என்று காரணம் சொல்வார்கள். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அமெரிக்கன் ஃபுட்பாலில் அப்படியே உல்டா. உள்ளூர் டீம் பெரும்பாலும் அடர் கலர், வந்தவர் வெள்ளை. அதிலும் டல்லாஸ் கவ்பாய்ஸ் மட்டும் 1960-கள் முதல் சொந்த கிரவுண்டிலேயே வெள்ளையில் ஆடுகிறது. தங்கள் ரசிகர்கள் வாரா வாரம் வேற வேற கலரில் எதிரணியைப் பார்க்கட்டும் என்று அதன் அன்றைய மேனேஜர் டெக்ஸ் ஷ்ராம் யோசித்தாராம். மார்க்கெட்டிங் மூளை!

கலருக்கும் மனசுக்கும் இருக்கிற சம்பந்தத்துக்கு 1958 ஃபைனலை மிஞ்ச ஆளில்லை. ஸ்டாக்ஹோம் பக்கத்தில் சோல்னா. ஸ்வீடன் மஞ்சள். பிரேசிலும் மஞ்சள். ஸ்வீடனுக்கே மஞ்சள் என்று முடிவாகிவிட்டது. பிரேசில் என்ன போடுவது? வெள்ளை போடலாம் என்றால், 1950-ல் சொந்த மண்ணில், மரக்கானாவில் உருகுவேயிடம் தோற்று நாடே அழுத நாளில் அவர்கள் போட்டிருந்தது வெள்ளை. அதற்கப்புறம் அந்த வெள்ளையையே தலைமுழுகி, பேப்பரில் போட்டி வைத்து, ஆல்டிர் ஷ்லீ என்கிற 19 வயசுப் பையன் வரைந்த டிசைனிலிருந்து வந்ததுதான் நாம பார்க்கிற மஞ்சள் சட்டை. மறுபடியும் வெள்ளையா? வேண்டவே வேண்டாம்.

ஸ்டாக்ஹோம் கடையில் நீலச் சட்டைகளை வாங்கினார்கள். மஞ்சள் சட்டையிலிருந்த சின்னத்தைப் பிரித்து நீலத்தில் வைத்துத் தைத்தார்கள். ஆனாலும் ஃபைனலுக்கு முன்னாடி கலர் மாறுதே என்று வீரர்களுக்கு உதறல். டீமின் தலைவராகப் போயிருந்த பாவ்லோ மச்சாடோ டி கார்வால்யோ அவர்களிடம் போய், 'நீலம் நம்ம அபரெசிடா மாதாவின் மேலாடைக் கலர், கவலையே வேண்டாம்' என்று சொன்னாராம். பிரேசிலின் காவல் தெய்வம் அந்த மாதா. ரிசல்ட் உங்களுக்கே தெரியும். 5-2. பதினேழு வயசு பீலே ரெண்டு கோல். இன்னைக்கும் பிரேசிலின் இரண்டாவது சட்டை நீலம்தான்.

இது நம்பிக்கை. அடுத்தது சாக்கா, சயின்ஸா என்று நீங்களே முடிவு பண்ணுங்க. 1996 ஏப்ரல் 13. மான்செஸ்டர் யுனைடெட் தன் புது சாம்பல் கலர் அவே ஜெர்சியில் சவுத்தாம்ப்டன் போனது. பாதி ஆட்டம் முடிஞ்சப்போ 0-3. இடைவேளை முடிந்து திரும்பி வந்த டீமைப் பார்த்தால் எல்லோரும் நீல வெள்ளைச் சட்டையில்! 'எங்க பசங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் கண்ணில் படலை' என்றார் கோச் அலெக்ஸ் ஃபெர்குசன். ஊரே சிரித்தது. ஆனால் அந்தச் சாம்பல் சட்டையில் யுனைடெட் ஆடிய ஐந்து மேட்சில் நாலு தோல்வி, ஒரு டிரா. நீல வெள்ளையில் ஆடிய இரண்டாவது பாதியை மட்டும் எடுத்தால் 1-0 என்று அவங்கதான் லீடிங்.

நான் ஃபெர்குசன் கட்சி. நீங்க பாஸ் கொடுக்கும்போது கூட்டாளியின் முகத்தையா பார்க்கிறீங்க? பந்து காலில் இருக்கும்போது ஓரக்கண்ணில் ஒரு கலர் அசையும், அவ்வளவுதான். அந்த கலர் கேலரியில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தோடு கரைந்துபோனால் பந்து எதிரிக்குத்தான் போகும்.

நம்ம கிரிக்கெட்டுக்கு வருவோம். இங்கே கலர் வந்த காரணமே வேற. சிவப்புப் பந்துக்கு வெள்ளை உடுப்பு பொருத்தம். கெர்ரி பாக்கர் தன் வேர்ல்டு சீரிஸில் லைட் போட்டு ராத்திரியில் ஆட விட்டபோது பந்து வெள்ளையாச்சு. வெள்ளைப் பந்து வெள்ளைச் சட்டை முன்னாடி வந்தா பேட்ஸ்மேனுக்கு எப்படித் தெரியும்? 1979 ஜனவரியில் கலர் உடுப்பு வந்தது. வெஸ்ட் இண்டீஸுக்குக் கொடுத்தது பிங்க்! அந்த பயங்கர ஃபாஸ்ட் பவுலர்களை பிங்க்கில் நினைச்சுப் பாருங்க.

மத்தபடி கிரிக்கெட்டில் யார் எந்த டீம்னு குழம்பவே முடியாது. பேட் வெச்சிருக்கிறது ரெண்டு பேர், மிச்சப் பேர் ஃபீல்டிங். அதனால்தான் நம்ம சி.எஸ்.கே. சேப்பாக்கத்திலும் மஞ்சள், வான்கடேயிலும் மஞ்சள். அப்படியும் 2019 உலகக் கோப்பையில் ஐ.சி.சி., 'கலர் மோதினால் ஒருத்தர் மாறணும், போட்டியை நடத்தும் நாடு மாற வேண்டாம்' என்றது. இங்கிலாந்து நீலத்திலேயே நிற்க, ஜூன் 30 அன்று பர்மிங்காமில் இந்தியா ஆரஞ்சு கலந்த ஜெர்சியில் இறங்கியது. 31 ரன்னில் தோல்வி. அந்த உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் தோல்வி. பழியைப் பூராவும் சட்டை மேல போட்டோம். 337 ரன் கொடுத்ததை யாரும் பேசலை.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் வீரர் கண்ணுக்காக, ரசிகர் கண்ணுக்காக. எந்த ரசிகர்?

2018 ஜூன் 14. எங்க ஹாஸ்டல் டி.வி. ரூம். உலகக் கோப்பையின் முதல் மேட்ச். ரஷ்யா சிவப்பு, சவுதி அரேபியா பச்சை. இதைவிடத் தெளிவா ரெண்டு கலர் இருக்க முடியுமா? என் ரூம்மேட் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "டேய், இப்ப பந்து யார்கிட்டடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "தூங்குறியா மச்சி?" என்று நாங்க ஓட்டினோம். ரஷ்யா 5-0 என்று ஜெயிச்ச மேட்ச். மூணாவது கோல் விழுமுன்னே எழுந்து ரூமுக்குப் போயிட்டான். மறு வருஷம் ஒரு அரசு வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸாகி, மெடிக்கல் டெஸ்ட்டில் புள்ளிப் புள்ளியாய் இருக்கிற படத்தைக் காட்டி நம்பர் படிக்கச் சொன்னபோதுதான் விஷயம் அவனுக்கே தெரிந்தது. சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஏறக்குறைய ஒரே மண் கலர். அந்த வேலை இல்லையென்று ஆயிடுச்சு. ராத்திரி போன் பண்ணி அவன் முதலில் சொன்னது, "மச்சி, அன்னைக்கு நான் தூங்கலைடா."

அவன் தனி ஆள் இல்லை. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் 12 பேருக்கு ஒருத்தர் என்று கணக்கு சொல்வார்கள். ஆசியாவில் கொஞ்சம் குறைவு, பெண்களில் ரொம்பக் குறைவு. உங்க கிளாஸில் முப்பது பசங்க இருந்தா ஒருத்தனாவது இருக்கலாம். அவனுக்கே தெரியாமல்கூட இருக்கலாம். கிரவுண்டுக்குள்ளும் உண்டு. டென்மார்க் வீரர் தாமஸ் டெலானி தனக்கு நிறக்குருடு இருப்பதை வெளிப்படையாகவே சொன்னார். அவர் டீம் சிவப்பில் நின்று பச்சை மெக்சிகோவோடு ஆடியபோது பட்ட பாட்டையும் சொன்னார். 2015 நவம்பரில் அமெரிக்காவில் பஃபலோ பில்ஸ் முழுச் சிவப்பிலும் நியூயார்க் ஜெட்ஸ் முழுப் பச்சையிலும் இறங்கியபோது, வீட்டில் உட்கார்ந்து பார்த்த எத்தனையோ பேருக்கு 22 பேரும் ஒரே டீமாகத் தெரிந்தார்கள். ரக்பி இதில் முந்திக்கொண்டது. 2027 உலகக் கோப்பையிலிருந்து சிவப்பும் பச்சையும் நேருக்கு நேர் மோதக்கூடாது என்று உலக ரக்பி அமைப்பு முடிவெடுத்திருக்கிறது.

இதில் எனக்கு ஆச்சரியம் என்ன தெரியுமா? மருந்து பழசு. ஒரு டீம் வெளிர், ஒரு டீம் அடர். 1978-ல் பிளாக் அண்ட் ஒயிட் டி.வி.க்காகப் போட்ட அதே கண்டிஷன். கலர் டி.வி. வந்ததும் அதைத் தேவையில்லை என்று நினைச்சுட்டாங்க போல.

ஜனவரியில் எங்க பழைய மாணவர்கள் மேட்ச். ஜெர்சி ஆர்டர் பண்ணும் பொறுப்பை ரூம்மேட் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு டீமுக்கு மெரூன், இன்னொண்ணுக்குக் கரும்பச்சை என்று கடைக்காரர் எடுத்துப் போட்டார். சூப்பர் காம்பினேஷன் என்றோம் எல்லோரும். அவன் ஒண்ணும் சொல்லாமல் செல்போனில் ரெண்டையும் போட்டோ எடுத்து, அதை பிளாக் அண்ட் ஒயிட்டாக மாற்றி எங்க முன்னாடி நீட்டினான். ஒரே சாம்பல். எது எதுன்னு எங்களுக்கும் தெரியலை.

"இப்ப சொல்லுங்கடா, பந்து யார்கிட்ட இருக்கு?" என்றான்.

மெரூனும் வெளிர் மஞ்சளும் வாங்கிட்டு வந்தோம்.