நஞ்சுக்கொடியை இழுக்காதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் தோலைப் பதப்படுத்த நொதிகள் பயன்படுவதை அறிவீர்கள். பசுவின் கருப்பையிலும் நொதிகள் வேலை செய்கின்றன. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதமே, சினைக்காலத்தில் நஞ்சுக்கொடியைக் கருப்பைச் சுவரிலுள்ள பொத்தான் போன்ற குமிழ்களோடு பிணைத்து வைப்பதில் பெரும்பங்கு கொள்கிறது. ஈனும் தறுவாயில் கொலாஜினேஸ் முதலிய நொதிகள் இப்பிணைப்பைத் தளர்த்துகின்றன. எனவே ஈன்ற 8 முதல் 12 மணி நேரத்திற்குள் நஞ்சுக்கொடி பெரும்பாலும் தானே விழுந்துவிடும்.

கருச்சிதைவு, குறைமாத ஈற்று, இரட்டைக் கன்று ஆகியவற்றில் பிணைப்பு விடாமல் தங்கிவிடலாம். அப்போது கையால் இழுப்பதோ கல்லைக் கட்டித் தொங்கவிடுவதோ கூடாது. கருப்பை புண்ணாகிச் சீழ் பிடிக்கும், பால் குறையும், அடுத்த சினையும் தள்ளிப்போகும். 12 மணி நேரம் கடந்தால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். விழுந்த நஞ்சுக்கொடியை நாய் தோண்டாதபடி ஆழமாகப் புதையுங்கள்.