ரொட்டியைத் தேடி வருவதில்லை பழ ஈ

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. திருவண்ணாமலையில், அடி அண்ணாமலைப் பக்கம் வீட்டிலேயே ரொட்டி சுடுகிறவர்கள் இரண்டு குறைகளைச் சேர்த்தே சொல்வார்கள். சுட்ட ரொட்டி இரண்டு நாள் தாங்கவில்லை, அடுப்படி முழுக்கப் பழ ஈ மொய்க்கிறது. ரொட்டிக்குத்தான் ஈ வருகிறது என்று நினைத்து ரொட்டியை ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். ஈயும் போகவில்லை, ரொட்டியும் வீணாகிறது.

ஃபிரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். ரொட்டிக்கும் அதே கதிதான். வெந்து இளகிய மாவுச்சத்து, ஆறியபின் மெல்ல மெல்ல மறுபடி படிகமாக இறுகுகிறது. உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் குளிரில், இந்த இறுக்கம் மிக வேகமாக நடக்கும். மேலே இருக்கும் ஃபிரீசரின் மைனஸ் 18 டிகிரியில் அது ஏறக்குறைய நின்றுபோகும். அதனால் வைப்பதானால் ஃபிரீசரில் வையுங்கள். துண்டு போட்டு, காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தால் வேண்டியதை மட்டும் எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போடலாம். 60 டிகிரிக்கு மேல் சூடேறினால் இறுகிய மாவுச்சத்து திரும்ப இளகிவிடும்.

வெளியே வைப்பதற்கு நம் ஊர்ப் பருவம் பார்க்க வேண்டும். முதலில் ரொட்டி முழுக்க ஆற வேண்டும், இரண்டு மணி நேரமாவது கம்பித் தட்டின் மேல் இருக்கட்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே நீர் வேர்த்து, பூஞ்சை பிடிக்க அதுவே போதும். முதல் நாள் வெட்டிய பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து, மேலே பருத்தித் துணி போர்த்தினால் போதும். அடுத்த நாளிலிருந்து மூடி போட்ட எவர்சில்வர் சம்படம். எறும்பு வேறு இருக்கிறதே, துணி மட்டும் அதற்குக் காணாது. கார்த்திகை தீபத்தை ஒட்டிய மழை மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும். இரண்டாம் நாளுக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிவது போதாது. பூஞ்சையின் நூல்கள் மிருதுவான ரொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். முழுதாகத் தூக்கிப் போடுங்கள்.

வெயில் காலத்தில் இன்னொன்று வரும். வெட்டினால் அழுகிய அன்னாசி வாடை, நடுப்பகுதி பிசுபிசுத்து நூல் நூலாக இழுக்கும். பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வேலை அது. அதன் வித்துகள் மாவோடு வருகின்றன. அடுப்பு எவ்வளவு கொதித்தாலும் ரொட்டியின் நடுவில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது; வித்துகள் பிழைத்துக்கொள்ளும். புளிப்பு அதற்கு ஆகாது. புளிக்கவைத்த மாவில் சுட்ட ரொட்டி நம் வெயிலுக்கு ஏற்றது என்று நான் சொல்வது அதனால்தான்.

இனி ஈ. மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத, சிவந்த கண்ணுடைய இந்தப் பூச்சி தேடுவது ஈஸ்ட்டை. நொதிக்கும் பழத்திலும் மாவிலும் எழும் சாராய வாடையும் காடி வாடையும்தான் அதற்கு வழிகாட்டி. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் 1970களில் இந்த ஈயின் மோப்பத்தையும் சுவையுணர்வையும் ஆராயத் தொடங்கினார்கள். அந்தத் துறையில் நம் நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த வேலை அது. சுட்ட ரொட்டியில் ஈஸ்ட் செத்துவிடுகிறது, மேற்பரப்பும் காய்ந்துவிடுகிறது. ஈக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. அது வருவது, பாட்டிலின் விளிம்பில் வழிந்து காய்ந்த ஸ்டார்ட்டர் என்கிற புளித்த மாவுக்கு, மாவு பிசைந்துவிட்டுத் தொட்டியில் போட்ட கிண்ணத்துக்கு, ஈரத்தோடு சுருட்டி வைத்த துணிக்கு. இட்லி மாவு பொங்கி வழிந்த மேடையும் அப்படித்தான்.

பௌர்ணமி கழிந்ததும் கிரிவலப் பாதையில் மிஞ்சிய வாழைப்பழம் மலிவாகக் கிடைக்கும். ஜவ்வாது மலைப் பலா வரும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். பழத்தோலிலேயே ஈயின் முட்டை ஒட்டி வரலாம். வாங்கி வந்ததும் கழுவித் துடைத்து வையுங்கள், வாழைச் சீப்பின் காம்பையும் சேர்த்து. ஜன்னல் வலையை நம்ப வேண்டாம், சாதாரணக் கண்ணியில் ஈ நுழைந்துவிடும். ஸ்டார்ட்டர் பாட்டிலின் வாயில் நெருக்கமாக நெய்த துணியைக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள்.

வந்துவிட்ட ஈக்கு ஒரு தம்ளரில் கொஞ்சம் வினிகரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். சோப்பு கலந்தால் நீரின் மேல்பரப்பு ஈயைத் தாங்காது, உட்கார்ந்ததும் மூழ்கிவிடும். மருந்து அடிக்காதீர்கள், சாப்பாட்டு மேடை அது. ஒரே நாளில் ஒழியவில்லையே என்று விட்டுவிடவும் கூடாது. 25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஈயாகச் சுமார் பத்து நாள் ஆகும். இன்று இருக்கும் முட்டைகள் எல்லாம் பொரிந்து தீரும்வரை, இரண்டு வாரம் பொறியையும் வையுங்கள், மாவுக் கிண்ணத்தையும் அன்றன்றே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுங்கள்.