வாய்மொழியும் வழியும்: பழவேற்காட்டுக் கள ஆய்வை முன்னிட்டு ஆய்விதழ் அறம்

நூல் செய்தவன் பெயரோடு அந்நூல் வந்த வழியையும் பாயிரத்துட் கூறுதல் வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த நெறி. முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பிரித்தறிந்த தமிழ் மரபு, பிறர் அறிவைத் தன்னறிவாகக் காட்டுதலை ஏற்காத மரபாகும். அவ்வழி ஏட்டில் இல்லாது மக்கள் வாயில் இருக்குமாயின் அதனை எவ்வாறு குறிப்பது? ஆய்வாளர்க்கும் இதழாசிரியர்க்கும் ஆண்டு உரிய கடமை யாது? இவ்வினாக்களைப் பழவேற்காட்டு மீனவர் ஊர்களை இடமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஒரு பழைய சான்று

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கெல்திரியாக் கோட்டையை நிறுவிய பின்னர், ஆபிரகாம் ரோஜேரியசு என்னும் சமயகுரு 1632 முதல் 1642 வரை அங்குப் பணிபுரிந்தார். இந்நாட்டுச் சமய வழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1651-இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. வடமொழிப் புலவர் பர்த்திருகரியின் பாடல்களின் பொருளை ஐரோப்பியர்க்கு அறிவித்த நூலும் அதுவே. அச்செய்திகளை அவர்க்குப் போர்த்துக்கீச மொழியில் எடுத்துரைத்தவர் பத்மநாபன் என்னும் அந்தணர். அவர் பெயரை நூலாசிரியர் மறைத்திலர். ஆதலின் முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பெயர் அறியப்படுகின்றது. உ. வே. சாமிநாதையரும் தம் பதிப்பு முகவுரைகளில் ஏடு உதவியோர் பெயர்களை நன்றியுடன் குறித்தார்.

பாடும் அதன் வழியும்

ஏடு தந்தார்க்குக் கிடைத்த இச்சிறப்பு, வாய்மொழி தந்தார்க்குக் கிடைத்ததா என்பதே வினா. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. மீன்பிடிக்கும் இடங்களை உரிமையுடைய குடும்பத்தார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அது. வளமான இடம் ஒருவர்க்கே நிலைத்துவிடாமல் சுழன்று வரும். பாடு என்பதற்கு இடம், தொழில், துன்பம் முதலிய பொருள்களை அகராதி தரும்; அம்முறையின் விதிகளைத் தருவார் மீனவரே. 1991-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட ஆய்வும் பின்வந்த ஆய்வுகள் பலவும் இதனை ஆங்கிலத்தில் உலகறியச் செய்தன. நெய்தற் சொற்களையும் வலை, காற்று, முகத்துவாரம் பற்றிய வழக்குகளையும் தொகுக்கத் தமிழ்த்துறை மாணவரும் இத்தகைய கடற்கரை ஊர்களுக்குச் செல்கின்றனர். அவ்வாய்வேடுகள் பலவற்றில் 'மீனவர் கூறுவர்' என்னும் ஒரு தொடரே வழியாக நிற்கின்றது. எம் மாணவர் ஏடுகளிலும் இக்குறை உண்டு. அதில் நெறியாளராகிய எமக்கும் பங்குண்டு.

அளவை காட்டாத களவு

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகள், ஆய்வேட்டின் ஒப்புமை நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டால் திருத்தவும், அறுபதுக்கு மேற்பட்டால் பதிவை நீக்கவும் வழிசெய்கின்றன. அவை வேண்டியனவே. ஆயினும் கணிப்பொறி ஒப்புநோக்குவது எழுத்தோடு எழுத்தை. முதிய மீனவர் ஒருவர் ஒரு பகல் முழுதும் இருந்து சொல்லியதை ஆய்வாளர் தம் கண்டுபிடிப்பாக எழுதினால், ஒப்புமை சுழியமாகவே தோன்றும். ஆகவே இக்களவைக் காண வல்லது பொறியன்று, இதழாசிரியரின் வினாவே.

பெயரும் காப்பும்

அங்ஙனமாயின் எல்லார் பெயரையும் அச்சிடுதல் போதுமோ எனின், போதாது. சில இடங்களில் அது தீங்குமாகும். பாட்டு உரிமை பட்டினவர் குடியினர் சிலர்க்கே உரியதாக வந்தமையால், உரிமை பெறாத பிற மீனவரோடு பூசல் நேர்ந்ததுண்டு. இன்ன இடம் இன்னார்க்கு உரியது என ஒருவர் சொன்னதைப் பெயரோடு அச்சிட்டால், அது நாளை வழக்கில் சான்றாகலாம். சொன்னவர் தம் ஊராரிடையே பழிக்கு ஆளாகலாம். உரிமையுடையாரிடம் மட்டும் கேட்டு எழுதினால், அவர் கூற்றே ஊர் மரபென நிலைபெற்றுவிடும். ஆதலின் பெயர் குறித்தலும் பெயர் காத்தலும் ஒரே அறத்தின் இரு கூறுகள். எதனைக் கொள்வது என்பதைச் சொன்னவரே முடிவுசெய்தல் வேண்டும்.

இதழாசிரியர் கடமை

மானியக் குழு 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களைத் தன் பட்டியலினின்று நீக்கியது. அதன்பின் அமைத்த தரப்பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இனி இதழின் தரத்தைக் காட்ட அதனைச் சுட்டுதல் இயலாது. பொறுப்பு நிறுவனங்களையும் இதழ்களையும் சார்ந்துவிட்டது. எனவே கள ஆய்வுக் கட்டுரை வருமிடத்து இதழாசிரியர் நான்கு வினவுதல் தகும் என்பது எம் கருத்து. செய்தி தந்தார் ஒப்புதல் பெறப்பட்டதா? பெயர் பற்றி அவர் விருப்பம் யாது? மாறுபட்ட தரப்பார் கூற்றும் கேட்கப்பட்டதா? கட்டுரையின் சாரம் அவ்வூரார்க்குத் தமிழில் படித்துக்காட்டப்பட்டதா? பிழையென அவர் காட்டுவதைத் திருத்தமாக அடுத்த இதழில் வெளியிடவும் இடம் வேண்டும்.

ஏரியில் ஒருவர் தம் முறைநாளில் மட்டும் வலையிட்டு, மறுநாள் பிறர்க்கு இடம் விடுகின்றார். அவ்வொழுங்கைப் பற்றி எழுதிப் பட்டம் பெறும் நாம், நமக்குரியது எது, பிறர்க்குரியது எது என்பதில் அவரினும் தாழ்ந்த ஒழுங்கினராதல் கூடாது.