ஆற்று மீனும் பண்ணை மீனும்

கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு, தமிழ்நாட்டைக் கடந்து கடலை அடைவதற்குச் சற்று முன்னர்ப் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியைத் தொட்டுச் செல்கின்றது. அவ்விடத்தே ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் சோரியாங்குப்பம் ஆகும். கோடையில் மணற்பரப்பாய்க் கிடக்கும் ஆறு, வடகிழக்குப் பருவமழை பொழிந்ததும் இரு கரையும் நிரம்பி ஓடும். புதுவெள்ளத்தில் மீன்கள் துள்ளும். அம்மீன்களுள் ஆற்றிலேயே பிறந்தவை எவை? ஏரி குளங்களில் வளர்க்கப்பெற்று, கலங்கல் வழியே வெளியேறி ஆற்றை அடைந்த பண்ணை மீன்கள் எவை? இவ்விருவகை மீன்களும் முட்டையிட்டால், எவற்றின் குஞ்சுகள் பிழைத்து வளரும்? இவ்வினாக்கள் எளியனவாகத் தோன்றினும், ஓர் ஆற்றின் வாழ்வும் தாழ்வும் இவற்றின் விடையைப் பொறுத்தே அமையும்.

பண்ணையில் மீன் குஞ்சு பொரிக்கச் செய்யும் கலை நம் நாட்டுக்குப் பெரும் பயன் விளைத்ததாகும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்கள் ஓடும் வெள்ளத்தில் இனம் பெருக்கும் இயல்புடையவை. தேங்கிய குளத்து நீரில் முட்டையிட மாட்டா. ஆதலின் முன்னாளில் அவற்றின் குஞ்சுகளை ஆறுகளிலிருந்தே திரட்ட வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள், ஒடிசாவில் உள்ள அங்குல் என்னும் ஊரில், ஹீராலால் சௌதுரி என்னும் அறிஞர், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டை மீனை முட்டையிடச் செய்தார். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

குளத்தில் வளர்த்து உணவுக்காகப் பிடிக்கும் மீனுக்கு இம்முறை பெரிதும் ஏற்றது. ஆனால், ஆற்றில் குன்றிவரும் மீனினத்தைப் பெருக்கும் நோக்குடன் பண்ணைக் குஞ்சுகளை அங்கு விடும்பொழுது, வேறொரு வினா எழுகின்றது. விடப்பட்ட குஞ்சு வளர்ந்தால் மட்டும் போதாது. அது தன் இனத்தைப் பெருக்கவும் வேண்டும். அதனை அறிவது எங்ஙனம்?

இதற்கு விடை காண, சால்மன் குடும்பத்து மீன்கள் துணை செய்தன. இம்மீன்கள் நன்னீர் ஓடைகளில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தாம் பிறந்த ஆற்றுக்கே மீளும் இயல்புடையவை. அக்குடும்பத்தைச் சேர்ந்தது ஸ்டீல்ஹெட் என்னும் மீன். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட வானவில் டிரவுட்டும் இதுவும் ஒரே இனத்தவை. ஸ்டீல்ஹெட் கடலுக்குச் சென்று மீளும், அவ்வளவே வேறுபாடு.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றுடன் கலப்பது ஹூட் ஆறு. அதன் குறுக்கே பவர்டேல் என்னும் அணை இருந்தது. 2010-இல் அது அகற்றப்பட்டது. அணை இருந்த நாளில், கடலிலிருந்து மீளும் ஸ்டீல்ஹெட் மீன்கள் அங்கிருந்த பொறியைக் கடந்தே மேலே செல்ல வேண்டியிருந்தது. 1991 முதல், அவ்வாறு வந்த மீன்களின் செதில்கள் சேகரித்துப் பாதுகாக்கப்பட்டன. செதிலில் மரபணு உண்டு. அம்மரபணுவில் தாய் தந்தையரின் அடையாளம் உண்டு. சில ஆண்டுகள் கழிந்தபின் கடலிலிருந்து மீண்ட இளந்தலைமுறையின் மரபணுவை, முன்னர்ச் சென்ற மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டால், இன்ன மீன் இன்ன பெற்றோரின் வழிவந்தது என்று கூறிவிடலாம். ஒவ்வொரு பெற்றோருக்கும் எத்தனை மக்கள் திரும்பி வந்தனர் என்பதே அப்பெற்றோரின் இனப்பெருக்க வெற்றியின் அளவாகும்.

அரக்கி, கூப்பர், பிளவுயின் என்னும் ஆராய்ச்சியாளர் மூவர் இம்முறையில் கண்ட முடிவினை 2007-இல் வெளியிட்டனர். பண்ணையில் வளரும் தலைமுறை ஒவ்வொன்றுக்கும், ஆற்றில் இனம் பெருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகின்றது என்பதே அம்முடிவு. ஆற்று மீனின் வெற்றியை 100 எனக் கொண்டால், ஒரு தலைமுறை பண்ணையில் வளர்ந்ததன் வெற்றி 60. இரு தலைமுறை வளர்ந்ததன் வெற்றி 36 என இக்கணக்கு குறையும்.

இஃது ஏன்? ஆற்றில் ஒரு குஞ்சு பகைக்கு அஞ்சி ஒளியவும், வெள்ளத்தை எதிர்த்து நீந்தவும், இரையைத் தானே தேடவும் வேண்டும். அங்கே வல்லன பிழைக்கும், அல்லன அழியும். பண்ணையிலோ பகையும் இல்லை, பசியும் இல்லை. நெருக்கத்தைப் பொறுத்துக்கொண்டு, இட்ட உணவை உண்பனவே தழைக்கும். தொட்டியில் வெற்றி தரும் பண்புகள் ஆற்றில் தோல்வி தரக்கூடும்.

இனி நம் காவிரியைக் காண்போம். முதுகில் திமில் போன்ற மேடுடைய மகசீர் என்னும் பெருமீன் காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் மட்டுமே உரியது. 1970-களில் தொடங்கி, மகாராட்டிரத்தின் லோனாவாலாப் பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மகசீர் என்னும் வேறோர் இனத்தின் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. நல்லெண்ணத்தோடு செய்த செயலே அது. ஆனால் 1998 முதல் 2012 வரை கருநாடகத்தின் காலிபோர் என்னுமிடத்தில் தூண்டிலில் அகப்பட்டு மீண்டும் ஆற்றில் விடப்பட்ட மீன்களின் குறிப்புகளை ஆராய்ந்தபொழுது, வியப்பான உண்மை வெளிப்பட்டது. மகசீர்களின் மொத்த எண்ணிக்கை பெருகியிருந்தது. அப்பெருக்கம் புதிதாக வந்த இனத்தினுடையதே. திமில் மகசீரோ அருகிப்போயிருந்தது. அகப்பட்ட சிலவும் பெரிய முதுமீன்களே, இளமீன்கள் காணப்படவில்லை. முதியோர் மட்டும் வாழும் வீட்டில் நாளை விளக்கேற்றுவார் யார்? 2018-இல் இவ்வினம் டார் ரெமாதேவி என அடையாளம் காணப்பட்டு, அழிவின் விளிம்பில் உள்ளதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெற்றது. நீலகிரியை ஒட்டிய மோயாறு இன்று அதன் புகலிடங்களுள் ஒன்றாக விளங்குகின்றது.

இதனால் நாம் அறிய வேண்டுவது யாது? பண்ணை தீது என்பதன்று. எவ்வினம், எவ்வாற்றினின்று வந்தது, விட்டபின் அதன் வழித்தோன்றல் பிழைத்ததா என்பவற்றை ஆராயாது மீன் விடுதல் தீது என்பதே. ஓர் ஆற்றுக்கு உரிய மீனை அவ்வாற்றுத் தாய்மீன்களினின்றே பெருக்குதலும், விட்ட பின் ஆண்டுதோறும் கண்காணித்தலும், மணலையும் நீரோட்டத்தையும் காத்தலும் ஒருங்கே நிகழ வேண்டும். எத்தனை குஞ்சுகளை விட்டோம் என்று எண்ணுவது எளிது. அவற்றின் பேரக்குஞ்சுகள் எத்தனை என்று எண்ணுவதே அரிது. அவ்வரிய கணக்கே ஆற்றின் உண்மைக் கணக்கு. காவிரிக்குப் பொருந்தும் இவ்வுண்மை, சோரியாங்குப்பத்தை ஒட்டி ஓடும் பெண்ணைக்கும் பொருந்தும் அன்றோ?