மோட்டார் அறைச் சில்லும் கட்டளை வரியும்

திண்டுக்கல் மாவட்டத்தின் சமவெளியில், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைப் பகுதிகளில் முருங்கையும் பூவும் காய்கறியும் பயிரிடுவோர் பெரிதும் நம்பியிருப்பது கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும்தான் என்பதால், வயல்வெளி மோட்டார் அறைகளில் பச்சை, சிவப்புப் பொத்தான்கள் கொண்ட ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் 'ஆட்டோ ஸ்டார்ட்டர்' என்றும் 'செல்போன் ஸ்டார்ட்டர்' என்றும் அழைக்கப்படும் சிறு பெட்டி இடம்பெறுவது இன்று வழக்கமாகிவிட்டது. மும்முனை மின்சாரம் வந்துவிட்டதா, முனைகளில் ஒன்று அறுந்து கிடக்கிறதா, நீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடுகிறதா என்று ஓயாமல் கவனித்து, அதற்கேற்ப மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் செய்யும் அந்தப் பெட்டிக்குள் வேலை செய்வது மைக்ரோகண்ட்ரோலர், அதாவது செயலியும் நினைவகமும் வெளிக்கருவிகளோடு இணையும் கால்களும் ஒரே சில்லில் அடங்கிய நுண்கட்டுப்படுத்தி ஆகும்.

சில்லின் நடத்தையைத் தீர்மானிப்பது அதில் பதிந்துள்ள நிரல். அந்நிரல் எழுதப்படுவதோ மடிக்கணினியில். எழுதியதைச் சில்லுக்குள் சேர்க்க இன்று பலரும் அறிந்த வழி, 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் உருவான ஆர்டுயினோ மென்பொருளின் சாளரத்தைத் திறந்து அம்புக்குறிப் பொத்தானை அழுத்துவதே. புதிதாக வருவோரின் அச்சத்தைப் போக்கியதில் அந்தப் பொத்தானுக்குப் பெரும் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அதன் பின்னே நிகழும் நான்கைந்து தனித்தனி வேலைகளை அது கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுவதால், ஏதேனும் ஒரு வேலை தவறும்போது தவறு எங்கே நேர்ந்தது என்று தேடத் தெரியாமல் மாணவர் திகைத்து நிற்கிறார். அதே வேலைகளைக் கட்டளை வரியில், அதாவது கணினியின் கருந்திரை முனையத்தில் எழுத்தாகத் தட்டிச் செய்யும்போது ஒவ்வொரு படியும் பெயரோடும் விளைவோடும் தனியே நிற்கிறது. அந்தக் கட்டளைகளை நிரலோடு சேர்த்துச் சேமித்து வைத்தால், பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறொருவர் வேறொரு கணினியில் அதே நிரலைப் பிழையின்றி மீண்டும் உருவாக்கலாம். பழுது பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது பயனே பெரிது.

இவ்வழியை விளக்க ஒரு சிறு மாற்றத்தை எடுத்துக்கொள்ளலாம். மின்தடை நீங்கி மும்முனை மின்சாரம் திரும்பும் நொடியில் ஒரே மின்மாற்றியைச் சேர்ந்த மோட்டார்கள் எல்லாம் ஒருசேரக் கிளம்பினால், ஒவ்வொன்றும் தொடக்கத்தில் தன் இயல்பான மின்னோட்டத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுப்பதால் மின்னழுத்தம் சரிந்து எதுவுமே சரியாக ஓடாது. இதைத் தவிர்க்கவே ஆட்டோ ஸ்டார்ட்டர்களில் மின்சாரம் வந்த பின் சிறிது நேரம் காத்திருக்கும் ஏற்பாடு வைக்கப்படுகிறது. கல்லூரி மாணவர் ஒருவர் தாமே அமைத்த கட்டுப்பாட்டுப் பலகையில் அந்தக் காத்திருப்பு 30 நொடியாக இருக்க, அதை 90 நொடியாக மாற்ற வேண்டும் என்றும், பலகையில் இருப்பது ஆர்டுயினோ ஊனோவால் புகழ்பெற்ற ஏட்மெகா328பி சில்லு என்றும் கொள்வோம். நார்வேயின் டிரோண்ட்ஹைம் நகரில் ஆல்ஃப்-எகில் போகன், வெகார்ட் வொல்லன் என்ற இரு மாணவர்கள் தொடங்கிவைத்த ஏவிஆர் வடிவமைப்பைச் சேர்ந்த இச்சில்லை முதலில் ஏட்மெல் நிறுவனம் தயாரித்தது. 2016-இல் அந்நிறுவனத்தை மைக்ரோசிப் வாங்கிக்கொண்டது.

சி மொழியில் எழுதிய நிரலைச் சில்லு நேரடியாகப் புரிந்துகொள்ளாது; அதைப் பொறிக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளே கம்பைலர், அதாவது நிரல்பெயர்ப்பி. வழக்கமாகக் கம்பைலர் தான் ஓடும் கணினிக்கான கட்டளைகளையே உருவாக்கும். ஆனால் 2,048 பைட் தற்காலிக நினைவகம் மட்டுமே கொண்ட ஏட்மெகா328பி சில்லின் மேல் கம்பைலரை ஓட்டவே இயலாது என்பதால், மடிக்கணினியில் ஓடிக்கொண்டே வேறொரு செயலிக்கான கட்டளைகளை உருவாக்கும் மாற்றுச்செயலிக் கம்பைலர் தேவைப்படுகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசி கம்பைலரின் ஏவிஆர் கிளையான ஏவிஆர்-ஜிசிசி இவ்வேலையைச் செய்கிறது. டெபியன் வழிவந்த லினக்ஸ் கணினியில் இந்தக் கம்பைலர், அதற்கான நூலகமான ஏவிஆர்-லிப்சி, பதிவேற்றும் கருவியான ஏவிஆர்டியூட் ஆகியவற்றை ஒருமுறை நிறுவிக்கொண்டால் போதும். அதன் பின் இணையத் தொடர்பே இல்லாத வயற்காட்டிலும் வேலை நடக்கும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அதுவும் டெபியன் வழிவந்ததே. கனமான சாளர மென்பொருள்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் வீட்டு அலமாரியில் ஒதுங்கிவிட்ட பழைய மடிக்கணினிகளுக்கும் எழுத்துவழிக் கருவிகள் ஒரு சுமையே அல்ல என்பது மகிழ்ச்சி தரும் உண்மை.

கம்பைலரை அழைக்கும் வரியில் அதன் பெயரை அடுத்து வரும் சொற்களே கவனத்திற்குரியவை. எந்தச் சில்லுக்காகப் பெயர்க்க வேண்டும் என்பதை ஒரு சொல் குறிக்கிறது. நினைவகம் குறைவு என்பதால் வேகத்தைவிட அளவைச் சுருக்குவதற்கு முதன்மை கொடு என்று இன்னொன்று சொல்கிறது. எஃப்-சிபியூ என்ற மாறிலி சில்லின் கடிகாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதைக் கம்பைலருக்கு அறிவிக்கிறது. ஊனோ பலகையில் அது 1,60,00,000. காத்திருப்பைக் கணக்கிடும் நூலகச் செயற்கூறு உண்மையில் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கொடுக்கப்பட்ட மாறிலியை நம்பி, அத்தனை துடிப்புகளை வெறுமனே கடத்துகிறது. எனவே 16 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் சில்லுக்கு 8 மெகாஹெர்ட்ஸ் என்று தவறாக எழுதினால், கம்பைலர் எந்தப் பிழையும் காட்டாமல் வேலையை முடித்துவிடும். ஆனால் மோட்டாரோ 90 நொடிக்குப் பதில் 45 நொடியிலேயே கிளம்பிவிடும். பொத்தான் முறையில் இந்த எண் பலகைப் பட்டியலுக்குள் எங்கோ புதைந்து கிடக்கிறது. கட்டளை வரியில் அது எழுதுபவரின் கண்ணெதிரே நிற்கிறது.

கம்பைலர் தரும் துண்டுகளை நூலகத் துண்டுகளோடு சேர்த்து, எது நினைவகத்தின் எந்த முகவரியில் அமர வேண்டும் என்று முடிவு செய்யும் இணைப்பி அடுத்து வருகிறது. அதன் விளைபொருளை ஏவிஆர்-சைஸ் என்னும் சிறு கருவியிடம் கொடுத்தால் நிரல் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை எண்களாகக் காட்டும். அழியா நினைவகமான ஃபிளாஷ் இச்சில்லில் 32,768 பைட் இருப்பதால் அங்கே நெருக்கடி எளிதில் வராது. நெருக்கடி வருவது 2,048 பைட் தற்காலிக நினைவகத்தில்தான், அதுவும் தமிழில் செய்தி அனுப்ப விரும்புவோருக்கு இன்னும் விரைவில் வந்துவிடும். 'மோட்டார் ஓடுகிறது' என்ற குறுஞ்செய்தி யூனிகோட் கணக்கில் 17 குறியீடுகள் கொண்டது. நிரல் கோப்புகளில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால், இடையிலுள்ள வெற்றிடத்தையும் சேர்த்து அது 49 பைட் ஆகிறது. ஏவிஆர் சில்லில் இத்தகைய மாறாத சொற்றொடர்களும், தனியே ஃபிளாஷில் இருக்குமாறு குறித்தாலொழிய, மின்சாரம் வந்தவுடன் தற்காலிக நினைவகத்திற்குப் படியெடுக்கப்படுகின்றன. இப்படி இருபது செய்திகள் சேர்ந்தால் பாதி இடம் போய்விடும். மேலிருந்து கீழ் நோக்கி வளரும் அடுக்கு நினைவகம் எஞ்சிய இடத்தைத் தாண்டி மாறிகளின் மேல் எழுதத் தொடங்கும்போது எந்த எச்சரிக்கையும் எழாது. காரணமின்றி மோட்டார் நிற்பதாகவே உழவருக்குத் தோன்றும். தமிழில் செய்தி சொல்லும் கருவியைச் செய்ய முனைபவர் ஒவ்வொரு முறை கம்பைல் செய்யும்போதும் ஏவிஆர்-சைஸ் காட்டும் எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும்.

இணைப்பி தந்த கோப்பில் பிழை தேடுவதற்கான குறிப்புகளும் கலந்திருக்குமாதலால், சில்லில் பதிய வேண்டிய பைட்களை மட்டும் பிரித்தெடுத்து இன்டெல் ஹெக்ஸ் என்னும் வடிவில் எழுதும் வேலையை ஏவிஆர்-ஆப்ஜ்காப்பி செய்கிறது. துளையிட்ட காகித நாடாக்களின் காலத்தில் பிறந்த அவ்வடிவம் இன்றும் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து படிக்கக்கூடியதாகவே இருக்கிறது: ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கி, பைட்களின் எண்ணிக்கை, முகவரி, வரியின் வகை, பைட்கள் ஆகியவற்றைப் பதினாறுநிலை எண்களில் கூறி, இறுதியில் சரிபார்ப்பு எண்ணோடு முடிகிறது. வரியிலுள்ள எல்லா பைட்களையும் அந்தச் சரிபார்ப்பு எண்ணோடு கூட்டினால் கடைசி பைட் சுழியமாக வர வேண்டும். வராவிட்டால் வரி வழியில் சிதைந்துள்ளது என்று பொருள்.

பதிவேற்றமே இவ்வழியில் மிகவும் நுட்பமான கட்டம். யூஎஸ்பி கம்பியைப் பலகையில் செருகியதும், விலை குறைந்த பலகைகளில் பெரும்பாலும் காணப்படும் சிஎச்340 என்ற இடைச்சில்லு, பழைய தொடர்முறைத் துறை போன்ற ஒன்றைக் கணினிக்குக் காட்டுகிறது. லினக்ஸில் அது ஒரு கோப்பின் பெயரோடு தோன்றும். அதைத் திறக்கும் உரிமை 'டயல்அவுட்' என்ற குழுவினருக்கே இருப்பதால், பயனரை அக்குழுவில் சேர்க்காதவரை அனுமதி மறுக்கப்படுகிறது. முதன்முறை முயல்வோரில் பலர் தடுக்கி விழும் இடம் இதுவே. ஏவிஆர்டியூட் அந்தத் துறையைத் திறக்கும்போது டிடிஆர் என்னும் இணைப்பின் மின்னழுத்தம் இறங்க, இடையிலுள்ள 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி அந்த இறக்கத்தை ஒரு கணத் துடிப்பாக்கிச் சில்லை மறுதொடக்கம் செய்கிறது. உடனே ஃபிளாஷின் உச்சியில் 512 பைட்டில் அமர்ந்திருக்கும் ஆப்டிபூட் என்ற பூட்லோடர், அதாவது பிற நிரலை ஏற்றும் சிறு நிரல், விழித்துக்கொண்டு, கணினியிலிருந்து அழைப்பு வருகிறதா என்று ஏறத்தாழ ஒரு நொடி காத்திருக்கிறது. அழைப்பு வந்தால் புதிய நிரலை வாங்கிக்கொள்கிறது. வராவிட்டால் பழைய நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறது.

அழைப்பு நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் வர வேண்டும் என்று ஆப்டிபூட் எதிர்பார்க்கிறது. பழைய நானோ பலகைகளின் பூட்லோடரோ 57,600 எதிர்பார்க்கிறது. வேகம் பொருந்தாவிட்டால் இரு தரப்பும் ஒத்திசையவில்லை என்ற செய்தியைப் பத்து முறை காட்டிவிட்டு ஏவிஆர்டியூட் விலகிவிடும். கட்டளை வரியில் அந்த ஓர் எண்ணைத் திருத்தினால் சிக்கல் தீர்ந்துவிடும். வேகம் பொருந்தியதும் சில்லின் அடையாளமாகிய மூன்று பைட்கள் படிக்கப்படுகின்றன. 328பி சில்லின் அடையாளத்திற்கும் 'பி' இல்லாத 328 சில்லின் அடையாளத்திற்கும் இறுதி பைட்டில் வேறுபாடு உண்டு. கடையில் வாங்கிய பலகையில் எதிர்பாராத சில்லு இருந்தால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பிறகு நிரல் 128 பைட் கொண்ட பக்கம் பக்கமாக எழுதப்பட்டு, முழுவதும் மறுபடி வாசிக்கப்பட்டு, மூலக் கோப்போடு ஒப்பிடப்படுகிறது. சில நொடிகளில் முடியும் இவ்வேலையை ஒரே ஃபிளாஷில் 10,000 முறை வரை செய்யலாம் என்று தயாரிப்பாளர் உறுதியளிக்கிறார்.

பூட்லோடரே இல்லாத வெறும் சில்லாக இருந்தால் யூஎஸ்பிஆஸ்ப் போன்ற நிரலேற்றியை ஆறு முனைக் கம்பியால் இணைத்து நேரடியாகப் பதியலாம். கட்டளையில் ஏற்றியின் பெயர் மட்டும் மாறும். இம்முறையில் சில்லு முழுவதும் முதலில் அழிக்கப்படுவதால் முன்பு பூட்லோடர் இருந்திருந்தால் அதுவும் போய்விடும் என்பதை மறக்கலாகாது. ஏவிஆர் சில்லுகளில் பூட்டுப் பிட்கள் எனப்படும் அமைப்பும் உண்டு; அவற்றை இட்டுவிட்டால் உள்ளிருக்கும் நிரலை வெளியே படிக்க இயலாது, பூட்டை நீக்க முயன்றால் நிரலும் சேர்ந்தே அழியும். விற்பனைக்கு வரும் கருவிகளின் நிரலைத் தயாரிப்பாளர்கள் இவ்வாறு காத்துக்கொள்வது இயல்பே. ஆனால் ஊரில் தாமே கருவி செய்து தருபவர், மூல நிரலையும் கட்டளைகளையும் தனியே வைக்காமல் பூட்டிவிட்டால், பின்னர் அந்தக் கருவியைத் திருத்த எவராலும் முடியாது, அவராலும்கூட.

மோட்டார் அறையிலேயே பதிவேற்ற நினைப்பவர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தனிமைப்படுத்தும் மின்மாற்றி இல்லாமல் மின்தேக்கி வழியாகவே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும் மலிவான பலகைகளில், தாழ்மின்னழுத்தப் பகுதியும் உயர்மின்னழுத்தக் கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. அத்தகைய பலகையில் மின்சாரம் இருக்கும்போது யூஎஸ்பி கம்பியைச் செருகினால் மடிக்கணினி மட்டுமல்ல, அதைத் தொடுபவரின் உயிரும் ஆபத்திற்கு உள்ளாகும். மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ்களைக் கழற்றிய பிறகே கம்பி பலகையைத் தொட வேண்டும்.

இத்தனை கட்டளைகளையும் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய மேக் என்ற கருவி, எந்தக் கோப்பு எதிலிருந்து எந்தக் கட்டளையால் பிறக்கிறது என்பதை மேக்ஃபைல் என்ற சிறு உரைக் கோப்பில் படித்து, மாறியவற்றை மட்டும் மீண்டும் உருவாக்குகிறது. காத்திருப்பை 90 என்று திருத்திவிட்டு ஒரு சொல்லைத் தட்டினால் மேற்கண்ட படிகள் வரிசையாக நிகழும். ஆர்டுயினோ நூலகங்களைப் பயன்படுத்துவோருக்கு ஆர்டுயினோ-சிஎல்ஐ என்ற கருவி, கம்பைல் செய்ய ஒன்றும் பதிவேற்ற ஒன்றுமாக இரண்டே கட்டளைகளைத் தருகிறது. எனினும் முதலில் மேக்ஃபைலைத் தாமே எழுதிப் பழகுவதே அறிவைத் தரும் வழி. தமிழகப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலேயே பைத்தான் வழியாகக் கட்டளை வரியில் சி++ நிரலை ஓட்டும் பாடம் இருக்கிறது; அதைப் படித்துவிட்டுத் திண்டுக்கல் சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகளுக்கு வரும் மாணவருக்கு இது அந்நியமான செய்தி அன்று.

இவ்வழி ஏவிஆர் சில்லோடு நின்றுவிடுவதும் இல்லை. சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலிகள் ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுபவை. அவற்றுக்கான மென்பொருள் தொகுப்பும் மேக் கருவியையே சார்ந்து, நிரலின் பெயரையும் பலகையின் பெயரையும் கட்டளையில் குறிப்பிட்டுக் கம்பைல் செய்யவும் பதிவேற்றவும் வழிசெய்கிறது. அங்கே கம்பைலர் ஜிசிசியின் ரிஸ்க்-வி கிளை. ஏவிஆர்டியூட் இருந்த இடத்தில் ஓப்பன்ஓசிடி என்ற கருவி ஜேடாக் என்னும் இணைப்பின் வழியாகச் சில்லோடு பேசுகிறது. ஊனோவில் மேக்ஃபைல் எழுதிப் பழகியவர் அங்கே புதிதாகக் கற்க வேண்டியது, நினைவகத்தின் எந்த முகவரியில் எது அமரும் என்று இணைப்பிக்குச் சொல்லும் வரைபடக் கோப்பையும் ஜேடாக்கின் கம்பி அமைப்பையுமே.